நாலுல ரெண்டு சுட்டா போதும்

ஏண்டி, ஒனக்கு வேற வேலயே இல்லியா? ஊறப்போட்ட அரிசி அப்பிடியே கீது, கொடியில துணி காஞ்சி அப்பளமா ஆயினு கீது. இங்க வந்து குந்திக்கினு, "ஆயா, ஒங்க சம்பந்தியம்மா எப்பிடி, ஒங்க சம்பந்தியம்மா எப்பிடி"ன்னு நோண்டினே கீற. குடி வந்து முழுசா ரெண்டு மாசம் ஆவல, அதுக்குள்ள எங்க ஊட்டு கதயெல்லாம் ஒனக்கு வேணுமா? பேர வேற சொல்லுன்ற. சொல்ல மாட்டேன் போ. அவ பேர நான் ஒரு நாளும் வாயால சொன்னதில்ல. நான் அவள சம்பந்தின்னு கூப்ட்டேன், அவ என்ன சம்பந்தின்னு கூப்ட்டா. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. கூப்ட்டா யாரு வர்றதுன்னு கொழப்பமே இல்ல. ரெண்டு பேருமே வர மாட்டோம்.

சரி, குந்து. சும்மா கேக்காத. இந்தக் கீரைய ஆஞ்சிக்கினே கேளு.

என் மருமவளப் பெத்தவ அவ. ஊடு கும்முடிபூண்டி. அங்க கம்பெனிங்களா கீது பாரு, அதுல ஒரு இரும்பு கம்பெனி கேட்டாண்ட தள்ளுவண்டி போட்டு நாஷ்டா வித்துக்கினு இருந்தா. இட்லி, வட, பூரி. ஷிப்ட் முடிஞ்சி வர்ற ஆளுங்க மூஞ்சியெல்லாம் கரியா இருக்கும், இவ இட்லி மட்டும் வெள்ளயா இருக்கும். புருசன் எப்பவோ பூட்டான். ஒரே பொண்ணு. அத்த என் புள்ள கட்டிக்கினு இந்த வேப்பம்பட்டுக்கு இட்டாந்துட்டான்.

அவகிட்ட ஒரே ஒரு கொணம். பேரம் பேசுவா. நீ நெனைக்கிற பேரம் இல்லடி. டப்பு விசயத்துல வாயே தொறக்க மாட்டா. கத்திரிக்கா இன்னா வெலன்னு சொன்னா அத்த அப்பிடியே குடுத்துட்டு வந்துடுவா. எனக்குப் பத்திக்கினு வரும். மத்ததுக்கெல்லாம் பேரம். பஸ்ல ஏறினா கண்டக்டர்கிட்ட, "நைனா, அந்த வேப்பமரத்தாண்ட நிறுத்தாத, பத்தடி இந்தாண்ட நிறுத்து"ன்னுவா. அவன், "இன்னா ஆயா, பஸ்ஸ ஒன் ஊட்டு படியில ஏத்தட்டா?"ன்னு கத்துவான். "படி வாணாம், தெருமொன போதும்"னுவா. ஏதோ அவன் கேட்டத இவ கொறைச்சிக்கின மாரி. அவனும் சிரிச்சிக்கினே தெருமொனையில எறக்குவான். மழைகிட்ட கூட பேசுவா. "வண்டிய மூடிக்கிறேன், அது வரைக்கும் பொறு"ன்னு. நின்னுச்சான்னு கேக்காத. அவ நின்னுச்சின்னுதான் சொல்லுவா.

பொண்ணு பாக்கப் போனோம் பாரு, அன்னிக்குதான் அவள மொத மொத பாத்தேன். நான் கெத்தா சேர்ல குந்திக்கினு, நகைய பத்தி இன்னா பேசப் போறாளோன்னு காத்துக்கினு இருக்கேன். அவ காப்பிய குடுத்துட்டு கேக்கறா, "மாசத்துல நாலு ஞாயித்துக்கெழம. ரெண்டு ஒனக்கு, ரெண்டு எனக்கு. என் பொண்ணு ரெண்டு ஞாயிறு இங்க வரணும்." நான் விடுவேனா? "ஒன்னு"ன்னேன். "ஒன்னரை"ன்றா. ஞாயித்துக்கெழமைல அரை எப்பிடிடி வரும்? "மத்தியானம் சாப்டுட்டு கெளம்பட்டும், அது அரை." எல்லாரும் சிரிக்கறாங்க. அவ சிரிக்கல. அப்பால, "அஞ்சி ஞாயிறு வர்ற மாசத்துக்கு இன்னா பண்றது?"ன்னா. அத்த நான் யோசிக்கல. "அஞ்சாவுது ஞாயிறு நீயும் கூட வந்துடு, கறி ஆக்கி வெக்கிறேன்"னா. அன்னிக்கே தெரிஞ்சி பூட்ச்சி, இவகிட்ட என் பருப்பு வேவாதுன்னு.

அந்த மாரி ஒருத்திக்குத்தான் நெஞ்சு நோவு வந்துச்சி.

மொதல்ல கேஸுன்னா. நம்ம ஆளுங்களுக்கு எல்லாமே கேஸுதான? ஓமத்தண்ணி, இஞ்சி, பூண்டு, சோடா. கும்முடிபூண்டி ஸ்டேசன்ல அந்தப் பக்கம் போவ மேம்பாலம் ஏறணும். ஏறசொல்ல பாலத்துகிட்டயே பேசினு ஏறுவா. "அஞ்சி படி ஏறிக்கிறேன், நீயும் கொஞ்சம் கீழ எறங்கி வா." அஞ்சி மூணாச்சி. மூணு ரெண்டாச்சி. காலு வீங்கி செருப்பு நொழையல. மல்லாந்து படுத்தா மூச்சி முட்டும்னு சொவுத்துல சாஞ்சிக்கினே தூங்கினா. ஒரு ஞாயிறு நான் போயிருந்தேன். கைய புடிச்சி பாத்தேன். அடியம்மா! கோழிக்கு அரிசி எறைச்சா கொத்தும் பாரு, ஒன்னு இங்க, ரெண்டு அங்க, நடுவுல ஒன்னியும் காணோம், மறுபடி தபதபன்னு. அந்த மாரி கீது நாடி. "இது கேஸு இல்லடி"ன்னேன். "பாதி கேஸு"ன்னா.

பட்டணத்துல பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனோம். டாக்டரு சின்ன பையன். ஆனா பொறுமசாலி, பேப்பர்ல படம் போட்டு சொன்னான். நெஞ்சு தொவண்டு பூட்ச்சாம், ரத்தத்த தள்ள சத்து பத்தலியாம். அதோட மேல் அறையில கரண்ட்டு கண்டபடி ஓடுதாம், அதனால துடிப்பு தாளம் கெட்டு ஓடுதாம். தாளம் கெட்டா சத்து கொறையும், சத்து கொறைஞ்சா தாளம் இன்னும் கெடும். ரெண்டும் ஒன்ன ஒன்னு புடிச்சி கீழ இழுக்குதுன்னான். எனக்கு நல்லா புரிஞ்சிச்சி. நானும் இவளும் மாரி.

ஒரு பையி நெறைய மாத்திர குடுத்தான். உப்ப கொறைன்னான். நாளு முழுக்க ஒன்னேகால் லிட்டருக்கு மேல தண்ணி கூடாதுன்னான். வந்துதா இவளுக்கு வேல!

"மோரு?"

"அதுவும் தண்ணிதாம்மா."

"தர்பூசு? அது பழம் சாமி."

"தண்ணிதான்."

"ரசம் குடிக்கிறது இல்லியே, சோத்துல ஊத்தி பெசையறது."

"உள்ள போறது எல்லாமே தண்ணிதாம்மா."

"அப்ப வெளிய போறத கழிச்சிக்கலாமா?"

அந்தப் புள்ள பேனாவ வெச்சிட்டு கண்ண தொடைச்சிக்கினு சிரிக்குது. கடைசில ஒன்னேகால்ல ஒரு சொட்டு ஏத்தல. இவளும் தோத்துட்டேன்னு ஒத்துக்கல. "நான் கேட்டதாலதான் ஒன்னேகாலு, இல்லன்னா ஒன்னுதான் குடுத்திருப்பான்"னு வழி நெடுக சொல்லினு வந்தா.

அப்பால ஒரு தபா மயக்கம் குடுத்து, நெஞ்சுல கரண்ட்டு வெச்சி தாளத்த நேராக்கினாங்க. ஒரு மாசம் ஷோக்கா இருந்தா. மறுபடி கோழி கொத்த ஆரம்பிச்சிடுச்சி. அப்பதான் அந்த டாக்டரு சொன்னான், சூடு வெச்சிடலாம்னு. தொடை இடுக்குல மெல்லிசா ஒரு கொழாய விட்டு, ரத்தம் ஓடற வழியாவே நெஞ்சுக்குப் போயி, தப்பு கரண்ட்டு கெளம்பற எடத்த சுத்தி சுட்டுடுவாங்களாம். சுட்ட எடம் தழும்பாயிடும். தழும்ப தாண்டி கரண்ட்டு வராது.

"மாட்டுக்குப் போடற சூடு மாரியா?"ன்னு கேட்டா.

"அவ்ளோ பெருசு இல்லம்மா. நுனியில மட்டும் சுடும். நீங்க மயக்கத்துல இருப்பீங்க."

படத்துல நாலு கொழா வரைஞ்சான். நுரையீரல்ல இருந்து நெஞ்சுக்கு வர்ற ரத்தக்கொழா. நாலோட வாயிலயும் சுத்தி சுடணும்னான். இவ படத்த இப்பிடி திருப்பி அப்பிடி திருப்பி பாத்தா.

"நாலுல ரெண்டு சுட்டா போதும் சாமி. சரியா வரலன்னா மீதிய பாத்துக்கலாம்."

"இது கத்திரிக்கா இல்லம்மா."

"கத்திரிக்காவுக்கு நான் பேரம் பேச மாட்டேன்"னா. அது நெசம்தான்னு நான்தான் சாட்சி சொன்னேன்.

டாக்டரு ஒளிவுமறைவு இல்லாம சொன்னான். உத்தரவாதம் குடுக்க முடியாது, சில பேருக்கு திரும்பவும் வரும், ரெண்டாவது தபா செய்ய வேண்டியிருக்கும், செய்யசொல்லவே ஆபத்தும் கொஞ்சம் கீது. ஆனா இந்த மாரி நெஞ்சு தொவண்டவங்களுக்கு தாளம் நேராச்சின்னா, நெறைய பேருக்கு சத்தும் கொஞ்சங்கொஞ்சமா திரும்புதுன்னான்.

இவளுக்கு சாவு பயம் இல்லடி. பயம் எல்லாம் பூட்டுக்குத்தான். என் மருமவ புதுசா ஒரு பூட்டு வாங்கி ரெடியா வெச்சிருந்தா. "ஒண்டியா கெடந்து மூச்சி தெணறினா யாரு பாக்கறது? ஊட்ட பூட்டு, வேப்பம்பட்டுக்கு வந்துடு"ன்னு தெனம் போன்ல அழுவா. இவளுக்கு அந்த ஊடுன்னா உசுரு. ஆஸ்பெட்டாசு கூரை, ஒத்த ரூமு, வெளிய தொவைக்கிற கல்லு. அதுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். எனக்கும் அவ இங்க வந்து குந்திக்க வாணாம்னுதான். இந்த ஊட்டுல ஒரு கெழவி இருக்கறதே பேஜாரு, இன்னொன்னு எதுக்கு?

ஆஸ்பத்திரி வராண்டாவுலயே பொண்ணுகிட்ட பேரத்த முடிச்சிட்டா. "நான் சுட்டுக்கறேன். நீ பூட்டாத." பொண்ணும் அவ வயித்துல பொறந்ததாச்சே. "சரி. ஆனா மருந்து மாத்திரையில ஒரு தப்பு நடந்தாலும், அன்னிக்கே பூட்டு"ன்னா. ரெண்டு பேரும் கைல அடிச்சிக்கினாங்க. ஆடு விக்கற எடத்துல அடிக்கிற மாரி.

சுடறதுக்கு தேதி குடுத்தாங்க, ரெண்டு மாசம் தள்ளி. அந்த ரெண்டு மாசத்துல ரெண்டு அமாவாச. ரெண்டுக்கும் திருவள்ளூரு பெருமாள் கோயிலுக்கு வந்தா, நானும் கூடப் போனேன். அங்க கொளத்துல வெல்லம் கரைப்பாங்க தெரியுமில்ல? இது கரையற மாரி நோவு கரையணும்னு வேண்டிக்கினு. இவளும் கரைச்சா. வெல்லம் கரைச்சிட்டு, சுருக்குப்பைலருந்து ஒரு பொட்டலம் எடுத்து, அதயும் கொளத்துல தூவினா. ஏதோ பொடி. "இன்னாடி அது?"ன்னேன். "கல்கண்டு"ன்னா. பெருமாளுக்கு டபுள் இனிப்பு போலன்னு விட்டுட்டேன்.

தேதி வந்துது. சுடறதுக்கு முன்ன தொண்டைல ஒரு டியூபு விட்டு நெஞ்சுக்குள்ள பாப்பாங்களாம், ரத்தம் எங்கனா கட்டினு கீதான்னு. பாத்தாங்க. டாக்டரு வெளிய வந்தான், மூஞ்சில சிரிப்பு இல்ல. "உள்ள ரத்தக்கட்டி இருக்கு. இன்னிக்கு செய்ய முடியாது. செஞ்சா அந்தக் கட்டி கெளம்பி மூளைக்குப் போவும், கை காலு விழுந்துடும்"னான். "ரத்தம் கட்டாம இருக்க காலைல ஒன்னு, சாயங்காலம் ஒன்னு மாத்திர குடுத்தேனே, ஒழுங்கா போட்டாங்களா?"

"கரெக்டா போட்டேன்"னா இவ, படுக்கைல இருந்தே. என் மருமவ மருந்து வாங்க கீழ போயிருந்தா. டாக்டரும் போனான். நான் கிட்ட போயி குந்தினேன். சும்மா பாத்தேன். அவ வேற பக்கம் பாத்தா. அப்பால தன்னால வருது.

"மருந்துகடைக்காரன் இன்னா சொன்னான், இது ரத்தத்த கரைக்கிற மாத்திரன்னான் இல்ல?"

"ஆமா."

"கரைக்கிற மாத்திரைய கரைச்சா இன்னா தப்பு?"

எனக்கு சுருக்குன்னுது. "அடிப்பாவி. அந்தக் கல்கண்டு?"

"காலைல போடறது எனக்கு. சாயங்காலம் போடறது சாமிக்கு. எடுத்து எடுத்து வெச்சி, பொடி பண்ணி, அமாவாசைக்குக் கொண்டாந்து கரைச்சேன். ரெண்டு பேரும் சேந்து பாத்தா ஜல்தியா கரையும்னு."

சிரிக்கறதா அழுவறதா சொல்லு? ரெண்டும் வந்துது. வாய்ல முந்தானிய வெச்சி அமுக்கிக்கினேன். பெருமாள்கிட்டயே பாதிக்குப் பாதி பேசியிருக்கா பாரு! அப்ப என் கைய புடிச்சிக்கினா. அந்தக் கை சில்லுன்னு இருந்துச்சி.

"சம்பந்தி, என் பொண்ணுகிட்ட சொல்லிடாத. பூட்டிடுவா."

அவ என்கிட்ட கெஞ்சினது அந்த ஒரு தபாதான். நானும் நல்லவ இல்ல, அந்த நேரத்துல பேரம் பேசினேன். "ஒன் பொண்ணுகிட்ட நான் சொல்ல மாட்டேன். ஆனா டாக்டர்கிட்ட நீ ஒன் வாயால சொல்லணும். சொல்லலன்னா ரெண்டு பேர்கிட்டயும் நான் சொல்லுவேன்." "டாக்டர்கிட்ட நீ சொல்லு, நான் தலையாட்டறேன்"னா. "ஆட்டறதெல்லாம் கெடையாது. வாயாலதான்." ஒத்துக்கினா. அத்தன வருசத்துல அவகிட்ட நான் ஜெயிச்சது அது ஒன்னுதான்.

டாக்டரு வந்தான். சொன்னா. கொளம், அமாவாச, பொட்டலம், எல்லாம். அந்தப் புள்ள கத்துவான்னு நெனச்சேன். கத்தல. ஸ்டூல இழுத்துப் போட்டு குந்தினான். "அம்மா, பெருமாளுக்கு ரத்தம் கட்டல. உங்களுக்குத்தான் கட்டிக்கினு கீது. அவரு மாத்திரையும் நீங்கதான் போடணும்"னான். நாங்க பேசற மாரியே பேசினான் பாரு. இவ தலைய குனிஞ்சிக்கினா. "இன்னும் ஆறு வாரம். காலைல ஒன்னு, சாயங்காலம் ஒன்னு. யாரானா பக்கத்துல நின்னு பாக்கணும்"னான்.

யாரு பாக்கறது? பொண்ணு வந்தா விசயம் வெளிய வந்துடும். நான் ஊட்டுக்கு வந்து, "எனக்கு இங்க காத்தே வரல, கும்முடிபூண்டில போயி கொஞ்ச நாளு இருந்துட்டு வரேன்"ன்னேன். என் புள்ள என்ன ஏற எறங்க பாத்தான். "கும்முடிபூண்டிலயா காத்து?"ன்னான். அங்க கொடில போட்ட வெள்ள துணி சாயங்காலத்துக்குள்ள சாம்பல் கலரு ஆயிடும்டி. இருந்தாலும் மூட்ட கட்டிக்கினு கெளம்பிட்டேன். மருமவகிட்ட, கட்டி கரைய இன்னும் ஆறு வாரம் மருந்து ஊறணுமாம்னு சொன்னோம். அது பொய்யி இல்லியே.

ஆறு வாரம் அந்த ஒத்த ரூம்ல நாங்க ரெண்டு பேரும். வண்டிய அப்பவே நிறுத்திட்டிருந்தா. கம்பெனி சங்கு ஊதினா காலைல மாத்திர, சாயங்கால சங்குக்கு இன்னொன்னு. வாய தொறக்கச் சொல்லி, நாக்க தூக்கச் சொல்லி பாப்பேன். "ஒன் பல்ல விட என் பல்லு நல்லா கீதான்னு பாக்கறியா?"ன்னுவா. மாத்திரைக்கு குடிக்கிற தண்ணிய ஒன்னேகால்ல சேக்கக் கூடாதுன்னு தெனமும் சண்ட. நான் சேத்துடுவேன்.

மொத நாளு பாவமா இருக்குதேன்னு நானும் அவகூட உப்பில்லாம தின்னேன். ரெண்டாவது நாளு முடியல. மாங்கா ஊறுகாய தட்டுக்குப் பின்னால ஒளிச்சி வெச்சி தொட்டுக்கினேன். பாத்துட்டா.

"ஒரு நக்கு குடு."

"குடுக்க மாட்டேன்."

"பாதி நக்கு."

"மாட்டேன்னா மாட்டேன்."

"மோந்தாவது பாக்கறேன், குடு."

குடுத்தேன். பாட்டில மூக்காண்ட வெச்சிக்கினு கண்ண மூடிக்கினு மோந்து பாத்துட்டு, மூடிய இறுக்கி மூடி என் கைலயே குடுத்துட்டா. அதுக்கப்பறம் நான் ஊறுகா தொடல. அவளுக்காவ இல்ல. அந்த மூஞ்சிய பாத்துட்டு தொட்டுக்க தோணல, அவ்ளோதான். நீ ஒன்னும் கண்ணு கலங்காத, கீரைல புழு இருந்தா பாரு.

ஆறு வாரத்துல அவ ஒரு மாத்திர கூட விடல. அதுவே எனக்கு கொஞ்சம் ஒரு மாரியா இருந்துச்சி. பெருமாளு பேர சொல்லியானா ஒன்ன கொறைக்க பாப்பான்னு நெனச்சேன். பாக்கல. மறுபடி டியூபு விட்டு பாத்தாங்க. கட்டி கரைஞ்சி பூட்ச்சி.

சுடறதுக்கு உள்ள தள்ளினு போறாங்க. டாக்டரு பச்ச சட்ட போட்டுக்கினு கதவாண்ட நிக்கறான். சிரிச்சிக்கினே கேக்கறான், "இன்னாம்மா, நாலுல ரெண்டா?" இவ அவன் மூஞ்சிய பாத்தா.

"நாலும் சுடு சாமி. ஒன்னும் கொறைக்காத."

அப்பதான்டி எனக்கு பயம் வந்துச்சி. அது வரைக்கும் பயமே இல்ல. அவ பேரம் பேசாம ஒரு எடத்துக்குள்ள போனத நான் பாத்ததே இல்ல. கதவு மூடிடுச்சி. என் மருமவ ஜெபமா மந்திரமான்னு தெரியல, ஏதோ முணுமுணுத்துக்கினு இருக்கா. நான் பெஞ்சில குந்தினேன். எழுந்தேன். குந்தினேன். எவ்ளோ நேரம்னு கேட்டா தெரியாது. எதிர்ல ஒருத்தன் பன்னு தின்னுக்கினு இருந்தான். அவன் தின்னு முடிச்சி, டீ குடிச்சி, தூங்கி, எழுந்து, மறுபடி பன்னு வாங்கினு வந்துட்டான். கதவு தொறக்கல. அந்த நேரத்துல நான் வேண்டிக்கினத ஒங்கிட்ட சொல்ல மாட்டேன். ஒன்னு மட்டும் சொல்றேன், நானும் பெருமாள்கிட்ட பேரம்தான் பேசினேன்.

டாக்டரு வந்தான். முடிஞ்சி பூட்ச்சின்னான். நாலயும் சுட்டாச்சி, தாளம் நேரா வந்துடுச்சி. ஆனா மூணு மாசம் போவணும், அதுக்குள்ள நடுவுல தப்பா துடிச்சா பயப்படாதீங்க, புண்ணு ஆறணும், மாத்திரைய மட்டும் விடாதீங்கன்னான்.

உள்ள போயி பாக்க வுட்டாங்க. மல்லாந்து படுத்துனு கீறா. மூஞ்சி வெளுத்து கீது. கொழா விட்ட எடத்துல கட்டு போட்டு, கால மடக்காம ஆறு மணி நேரம் அசையாம கெடக்கணும்னு நர்ஸம்மா சொல்லிக்கினு இருக்கா. நான் கைய புடிச்சி பாத்தேன். டக், டக், டக். ஒன்னு பின்னால ஒன்னு, ஸ்கூலு புள்ளைங்க லைன்ல போற மாரி. கண்ண பாதி தொறந்து நர்ஸம்மாவ பாத்தா. ஒதடு ஒட்டிக்கினு கீது.

"கொழா விட்டது வலது காலுதான? எடது கால மடக்கிக்கட்டுமா?"

"கூடாதும்மா."

"முட்டி வாணாம். வெரலு மட்டும்."

நான் வெளிய வந்து சொவுத்த பாத்துக்கினு நின்னேன். என் மருமவ ஓடியாந்தா. "இன்னா அத்த, அம்மாவுக்கு இன்னா?"ன்னு பதறறா. "ஒன்னியும் இல்லடி, ஒங்கம்மா பேரம் பேச ஆரம்பிச்சிட்டா"ன்னேன். சொல்லிட்டு அழுதேன். ஆமா, அழுதேன். இன்னா இப்ப?

நடுவுல ரெண்டு தபா கோழி கொத்துச்சி, அப்பால நின்னு பூட்ச்சி. ஆறு மாசம் கழிச்சி படம் எடுத்து பாத்துட்டு டாக்டரு, நெஞ்சு முன்னைக்கி நல்லா தள்ளுதுன்னான். முழுசா இல்ல, ஆனா நல்லா. காலு வீக்கம் வடிஞ்சிது. மேம்பாலத்த நடுவுல ஒரே ஒரு தபா நின்னு ஏறிட்டா. ஊட்ட பூட்டல.

இரு, எழுந்துக்காத. இன்னும் கொஞ்சம் கீது. இது அந்தப் படம் எடுக்கறதுக்கு முன்ன, சுட்டுட்டு ஆஸ்பத்திரில இருந்து வந்து பதினஞ்சி நாளு இருக்கும். ஞாயித்துக்கெழம அவள பாக்கப் போனேன். தெருமொனைலயே ஒருத்தி ஓடியாந்து என் பைய வாங்கிக்கினா. "ஆயா, நீங்க எதுக்கு இத்த தூக்கினு வர்றீங்க?"ன்றா. இன்னொருத்தி ஊட்லருந்து சேரு கொண்டாந்து போடறா. "குந்துங்க, மூச்சி வாங்குதா? நெஞ்சுல சூடு வெச்சாங்களாமே, ஆறிடுச்சா?" எனக்கு ஒன்னும் வெளங்கல. உள்ள எட்டிப் பாத்தா, இவ அரிசி பொடைக்கிற மாரி மொறத்தயே பாத்துக்கினு கீறா. மொறத்துல அரிசியே இல்ல.

உள்ள போயி கதவ சாத்தினேன். "இன்னாடி சொல்லி வெச்சிகீற?"

"சம்பந்திக்கு நெஞ்சு சரியில்ல, எங்க ஊட்டுல ஆறு வாரம் வெச்சி பாத்தேன், ஆஸ்பத்திரிக்கும் நான்தான் தொணைக்குப் போனேன்னு சொல்லிட்டேன்."

"ஏண்டி, ஒனக்கு வந்த நோவ எனக்கு ஒட்ட வெப்பியா?"

"எனக்குன்னு சொன்னா, நான் தும்மினா கூட என் பொண்ணுக்கு போன போட்டுடுவாளுங்க. பூட்டு வந்துடும். ஒனக்குன்னா யாரு யாருக்குப் போன் போடப் போறா?"

"எத்தினி நாளைக்கி நான் நோவாளியா இருக்கணும்?"

"மூணு மாசம் இரு. அப்பால நான் மாத்தி சொல்லிடறேன்."

"ஒரு மாசம்."

"ரெண்டு."

"சரி, ரெண்டு. அதுக்கு மேல ஒரு நாளு கூட முடியாது"ன்னேன்.

எங்க மாத்தினா? ரெண்டு மாசம் நாலு வருசமாச்சி. அந்தத் தெருவுக்குப் போனா எனக்கு சேரு, எனக்கு உப்பில்லா சோறு, எனக்கு அர டம்ளரு டீ. அவ சொவுத்துல சாஞ்சிக்கினு முழு டம்ளரு குடிப்பா. ஒன்னேகால்லதான் அதுவும், ஆனா என் கண்ணு முன்னால குடிப்பா.

பூட்டா. செத்தது நெஞ்சால இல்ல. நாலு நாளு காச்சல். அவ ஊட்டுல, அவ பாயில. என் மருமவ வாங்கின அந்தப் பூட்டு இன்னும் பிரிக்காம அட்டைலயே கீது.

அன்னிக்கி நாங்க போயி எறங்கசொல்ல தெருவே நின்னுக்கினு கீது. நான் உள்ள போயி அவ தலமாட்டுல குந்தி ஓன்னு ஆரம்பிச்சேன். நாலு பொம்பளைங்க ஓடியாந்து என்ன தூக்கி சேர்ல வெச்சிட்டாளுங்க. ஒருத்தி விசிறறா, ஒருத்தி நெஞ்ச நீவறா. பெத்த பொண்ண வுட்டுட்டு என்னயே சுத்தினு நிக்கறாளுங்க. "ஆயா, நீங்க அழக் கூடாது, ஒங்க நெஞ்சு தாங்காது"ன்றாளுங்க. என் மருமவ என்ன பாக்கறா, ஒன்னும் புரியாம.

சொல்லிடலாம்தான். இனிமே யாரு ஊட்ட யாரு பூட்டப் போறாங்க? அவ மூஞ்சிய ஒரு தபா பாத்தேன். அப்பால அவளுங்ககிட்ட சொன்னேன், "ஆமாம்மா, எனக்குத்தான் நெஞ்சு சரியில்ல. நாலு எடத்துல சுட்டுகீறாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்."